‘இருநூறு உணவு’ இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: வாங்கிப் பார்த்தவரின் மதிப்பீடு

வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் சென்று, இருநூறு உணவுப் பொருள்களில் எவை நம் உடலுக்கு ஒவ்வாதவை என்று சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் அச்சிட்டுத் தரும் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் 8,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இத்தகைய தொகுப்புகளைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. நான் வாங்கிய நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்ல வரும் குறையில் பெரும்பகுதி இந்த வகைப் பரிசோதனை எங்கே விற்கப்பட்டாலும் அதனோடு சேர்ந்தே வருவது.

வாங்குவதற்கு எனக்குக் காரணம் இருந்தது. கும்பகோணத்தில் பிறந்து, திருமணத்திற்குப் பின் 24 வயதில் தில்லி வந்து, இப்போது 19 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஒன்பது ஆண்டுகளாகத் தைராய்டு குறைபாட்டிற்கு மாத்திரை எடுத்து வருகிறேன். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை. வயிற்று உப்புசமும், காரணம் தெரியாத அசதியும், அவ்வப்போது வாய்ப்புண்ணும் பழகிப்போனவை. தைராய்டுக்கு ஒரு மருத்துவர், இரத்தசோகைக்கு ஒரு மகப்பேறு மருத்துவர், வயிற்றுக்குத் தெருமுனை மருந்துக்கடை என்று மூன்று இடங்களில் மூன்று நோய்களாக அவை வாழ்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே, அதை ஒரே சோதனையில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் சொன்னபோது நான் மயங்கியதில் வியப்பில்லை. எனக்கு இருந்தது சீலியாக் நோய் என்று பின்னர் உறுதியானது: கோதுமை போன்ற சில தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய் அது. வேர் பற்றிய அவர்களுடைய ஊகம் என் விஷயத்தில் பாதி சரியாகவே இருந்தது என்பதையும், அந்தப் பாதிச் சரிதான் என்னை மிகவும் அலைக்கழித்தது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுக்க வந்த இளைஞர் காலை ஆறரைக்குச் சொன்ன நேரத்தில் வந்தார். புதிய ஊசியின் உறையை என் கண்முன் பிரித்தார். ஒரே குத்தில் மூன்று குழாய்களை நிரப்பினார். பெயரையும் வயதையும் என்னையே சொல்லச் சொல்லிக் குழாயின் மேல் ஒட்டினார். ஐந்தாம் நாள் 38 பக்க அறிக்கை கைபேசிக்கு வந்தது. அதில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச், வைட்டமின் டி ஆகிய அளவுகள் பின்னர் மருத்துவமனையில் எடுத்தவற்றோடு ஒத்துப்போயின. ஆக, ஆய்வகத்தின் கைத்திறனில் குறையில்லை. குறையெல்லாம் எதை அளந்தார்கள், அளந்ததற்கு என்ன பொருள் சொன்னார்கள் என்பதில்தான்.

இருநூறு உணவுகளுக்கும் அவர்கள் அளந்தது ஐஜிஜி வகை எதிர்ப்பொருளை (எதிர்ப்பொருள் என்பது அந்நியப் பொருள்களை எதிர்கொள்ள உடல் உருவாக்கும் புரதம்). ஒரு பொருளை அடிக்கடி உண்பவரின் இரத்தத்தில் அதற்கான ஐஜிஜி இருப்பது இயல்பு. உடல் அந்த உணவைச் சந்தித்திருக்கிறது, பல வேளைகளில் அதை ஏற்றுப் பழகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008இலேயே அறிவுறுத்தியது. அமெரிக்க, கனடிய மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடும் அதுவே. என் அறிக்கையைப் பார்த்தாலே இது விளங்கும். சிவப்பில் கோதுமை, பால், சீரகம். மஞ்சளில் அரிசி, தேங்காய், வாழைப்பழம். பச்சையில் வெண்ணெய்ப் பழமும் சால்மன் மீனும் நான் வாழ்நாளில் தொட்டிராத இன்னும் பலவும். கும்பகோணத்துக்காரியின் சமையலறையை ஒருவர் எட்டிப் பார்த்து எழுதியிருந்தாலும் ஏறத்தாழ இதே பட்டியல்தான் வந்திருக்கும்.

இந்தப் பட்டியலில் ஒரு வரி என்னைப் பொறுத்தவரை ஆபத்தானதாகவே இருந்தது. கோதுமைக்குச் சிவப்பு அடித்த அதே பக்கத்தில் பார்லிக்கும் கம்புக்கும் பச்சை அடித்திருந்தார்கள். நம் ஊர்க் கம்பு என்றால் கவலையில்லை. அறிக்கையின் தமிழ்ப் பதிப்பில் ‘ரை’ எனும் ஐரோப்பியத் தானியத்தைத்தான் கம்பு என்று மொழிபெயர்த்திருந்தார்கள். (மொழிபெயர்ப்பைப் பற்றித் தனி மதிப்பீடே எழுதலாம், ‘செலரி’ ஓரிடத்தில் கொத்தமல்லியாகவும் மற்றோரிடத்தில் ஓமமாகவும் மாறியிருந்தது.) சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமையின் குளூட்டன் புரதமான கிளையடின் என்ன கேட்டைச் செய்யுமோ, அதையே பார்லியின் ஹோர்டீனும் ரையின் செக்கலினும் செய்யும். நான் அதுவரை பார்லியை அதிகம் சாப்பிட்டதில்லை, ஆகவே என் இரத்தத்தில் அதற்கான ஐஜிஜி இல்லை, ஆகவே பச்சை. தொகுப்போடு சேர்த்துத் தந்த இருபது நிமிடத் தொலைபேசி ஆலோசனையில் உணவு ஆலோசகர் அந்தப் பச்சையை நம்பி, கோதுமையை நிறுத்திவிட்டுக் கோடைக்கு இதமாக இருக்கும் என்று பார்லியில் செய்த சத்துமாவுக் கரைசலைப் பரிந்துரைத்தார். தில்லி வெயிலில் அது சுவையாகவே இருந்தது. நானும் ஏழு வாரம் குடித்தேன்.

அதே ஆலோசனையில் மூன்று செய்திகள் சொல்லப்பட்டன. எனக்குச் சீலியாக் மரபணு ‘பாசிட்டிவ்’ என்பதால் நோய் இருப்பது உறுதி என்பது முதலாவது. குளூட்டன்தான் தைராய்டு நோயின் மூல காரணம், கோதுமையை விட்டால் மாத்திரையைக் குறைக்கலாம் என்பது இரண்டாவது. குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி வேண்டியதில்லை, இன்றே கோதுமையை நிறுத்தலாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், சீலியாக் நோய் எப்படி உருவாகிறது, மற்ற நாட்பட்ட நோய்களோடு அதற்கு என்ன உறவு என்பது தானாகவே விரியும். தொகுப்பு எங்கே வழி தவறுகிறது என்பதும் தெரியும்.

மரபணுவில் தொடங்குகிறேன். நோயெதிர்ப்பில் பங்குள்ள எச்எல்ஏ மரபணுக்களில் டிக்யூ2, டிக்யூ8 என்னும் இரண்டு வடிவங்களுள் ஒன்றாவது இருந்தால்தான் பெரும்பாலும் சீலியாக் நோய் வரும் என்பது உண்மை. அந்த வடிவங்கள் இருந்தால் நோய் வந்தே தீரும் என்பது உண்மையன்று. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவை இருக்கின்றன, நோய் வருவதோ உலக அளவில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். ஆகவே இந்தச் சோதனையின் பயன் ‘இல்லை’ என்று வரும்போதுதான். அப்போது நோயை ஏறக்குறைய விலக்கிவிடலாம். ‘உண்டு’ என்று வந்தால் பேருந்தில் உங்களோடு பயணிப்பவர்களில் மூன்றில் ஒருவரைப் போல நீங்களும் இருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. என் அறிக்கையில் அது முழுப்பக்கச் சிவப்புக் கட்டத்திற்குள், ‘அதிக ஆபத்து’ என்ற தலைப்போடு இருந்தது.

இதைப் பற்றிப் படிக்கப்போய், என்னைப் போன்று இடம்பெயர்ந்த தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் ஆய்வைக் கண்டேன். வட, வடகிழக்கு, தென் இந்தியாவில் 23,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016இல் வெளியிடப்பட்ட அந்த ஆய்வின்படி, சீலியாக் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினருக்கும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினருக்கும், தெற்கே 0.10 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மரபணுவோ மூன்று பகுதிகளிலும் பெரிய வேறுபாடின்றி 31 முதல் 38 விழுக்காடு வரை. மாறுபட்டது தட்டு: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். தெற்கே நோய் அரிதாக இருப்பதற்கு நம் உடலில் தனிப் பாதுகாப்பு ஏதோ இருக்கிறது என்பதைவிட, நாம் சோறு உண்கிறோம் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான், ஆனால் எதிர்ப்பொருள் வடக்கை நெருங்கி நிற்கிறது என்பதால், கோதுமையின் அளவு மட்டுமே கதையை முடித்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாழ்க்கையில் இந்த வரைபடம் வடக்கு நோக்கிய ஒரே ரயில் பயணத்தில் நடந்து முடிந்தது: 24 வயதுவரை இட்லியும் சோறும், அதன்பின் காலையில் பரோட்டா, இரவில் ஃபுல்கா.

மரபணுவும் கோதுமையும் சேர்ந்தபின் குடலுக்குள் நடப்பது நுட்பமானது. பிசைந்த மாவுக்கு இழுவை தரும் குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதால் மனிதரின் செரிமான நொதிகளால் அதை முழுமையாக வெட்ட இயலாது. யாருடைய குடலிலும், 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ளது உட்படச் சில துண்டுகள் மிஞ்சும். அவை குடற்சுவரைக் கடந்து உட்புகும்போது, காயத்தை ஆற்றும் பணிக்கென்று அங்கிருக்கும் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அவற்றின் குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்தச் சிறு மாற்றத்தால் துண்டுகளின் மின்னூட்டம் மாறி, முன்சொன்ன மரபணு வடிவங்கள் உருவாக்கும் டிக்யூ2 அல்லது டிக்யூ8 மூலக்கூறின் பள்ளத்தில் அவை கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அந்த மூலக்கூறு அவற்றை நோயெதிர்ப்பு அணுக்களிடம் பகைவன் என்று காட்டிக்கொடுக்க, அழற்சி தொடங்கி, சிறுகுடலின் உட்பரப்பில் விரல்கள்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. இதில் விந்தை என்னவென்றால், உடல் குளூட்டனுக்கு எதிராக மட்டுமல்லாமல், அதை மாற்றிக் கொடுத்த தன் சொந்த நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த நொதியே தாக்கப்படும் இலக்கு என்பதை 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இன்று சீலியாக் நோய்க்கு முதலில் செய்ய வேண்டிய ‘டிடிஜி ஐஜிஏ’ சோதனை அளப்பது அந்த எதிர்ப்பொருளைத்தான் (டிடிஜி என்பது அந்த நொதியின் சுருக்கப் பெயர், ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளின் ஒரு வகை). வெளியிலிருந்து வரும் உணவு தூண்ட, உடல் தன்னையே தாக்குவதால் இது வெறும் ஒவ்வாமை அன்று, தன்னெதிர்ப்பு நோய்.

இருநூறு உணவுகளை அளந்த தொகுப்பில் இந்த ஒரு சோதனை இல்லை. தனியாக எடுத்தால் மொத்த விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாத சோதனை அது. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ இயல்பிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ ‘இல்லை’ என்று வந்தாலும் நம்ப முடியாது. அதையும் இவர்கள் அளக்கவில்லை.

மரபணு உள்ள மூவரில் ஒருவருக்கு 3 வயதிலும், இன்னொருவருக்கு 43 வயதிலும் நோய் வெளிப்பட, மூன்றாமவருக்கு வராமலே போவது ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. குடல் தொற்றுகளுக்குப் பங்கு இருக்கலாம். தன்னளவில் தொல்லை தராத ரியோவைரஸ், குளூட்டனைப் பொறுத்துக்கொள்ளும் தன்மையை எலிகளில் குலைப்பதை 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. குழந்தைக்கு எந்த மாதத்தில் கோதுமை தொடங்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் என்று நெடுங்காலம் நம்பினார்கள்; 2014இல் வெளியான இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்தின. அறிக்கையின் ‘வரலாறு’ பக்கமோ, இது நவீனக் கலப்பினக் கோதுமையால் வந்த புதிய நோய் என்று ஒரே வரியில் முடித்திருந்தது. இலண்டனில் சாமுவேல் ஜீ இந்நோயை விவரித்து எழுதியது 1888இல். கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத 1944-45 குளிர்காலத்தில் இந்நோயாளிக் குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நலிந்ததும் அவருடைய கருத்துக்கு வலுச்சேர்த்தன. இன்றைய குட்டைக் கோதுமை வயலுக்கு வரும் முன்பே நடந்தவை இவை.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன்: குளூட்டன்தான் தைராய்டு நோயின் மூல காரணம் என்பது. சீலியாக் நோயாளிகளிடம் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. தைராய்டு நோயாளிகளிடம் தேடினால் நூற்றுக்குச் சிலருக்குச் சீலியாக் தென்படுகிறது. முதல் வகை நீரிழிவோடு உறவு இன்னும் நெருக்கமானது. அந்நோயுள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்குச் சீலியாக் இருக்கும். காரணம், ஒரு நோய் மற்றொன்றைப் பெற்றெடுப்பதைவிட, இரண்டும் ஒரே மரபணு மண்ணில் முளைப்பதே. முதல் வகை நீரிழிவுக்கு ஆளாக்கும் எச்எல்ஏ வடிவங்களோடு டிக்யூ2வும் டிக்யூ8உம் பிணைந்தே வருகின்றன. குளூட்டனை உண்ட காலம் நீளநீள மற்றத் தன்னெதிர்ப்பு நோய்களும் கூடுகின்றன என்று 1999இல் இத்தாலிய ஆய்வொன்று சொன்னது. பின்வந்த ஆய்வுகள் அதை ஒருமுகமாக உறுதிப்படுத்தவில்லை. குளூட்டனை விட்டால் கெட்டுப்போன தைராய்டு சுரப்பி திரும்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

ஆயினும் என் தைராய்டு மாத்திரை பின்னர் 125 மைக்ரோகிராமிலிருந்து 100ஆகக் குறைந்தது. ஆலோசகர் சொன்னது பலித்துவிட்டதே என்று என் கணவர் கேட்டார். நடந்தது வேறு. தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவது சிறுகுடலில். குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்த காலத்தில் விழுங்கியதில் ஒரு பங்கு வீணாகிக்கொண்டிருந்ததால் மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். குடல் தேறியதும் குறைந்த அளவே போதுமானதாயிற்று. சுரப்பி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை வாழ்நாள் முழுவதும் தொடரும். இந்த வேறுபாடு தெரியாமல், கோதுமையை நிறுத்திய கையோடு மாத்திரையையும் தானே நிறுத்திவிடும் ஒருவரை எண்ணிப் பார்க்கிறேன். அந்தத் தொலைபேசி ஆலோசனையைக் கேட்ட எவரும் அப்படிச் செய்யக்கூடும்.

இரத்தசோகையின் கதையும் குடலில்தான் இருந்தது. இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலில். சீலியாக் முதலில் தாக்குவதும் அங்கேதான். மாத்திரைக்கு அசையாத இரும்புக் குறைபாடு, வேறு தொல்லையே இல்லாத பெரியவர்களிடம்கூட, இந்நோயின் ஒரே அடையாளமாக இருக்கலாம். கால்சியமும் வைட்டமின் டியும் சரியாகச் சேராமல் எலும்பு மெலிவதும் உண்டு. எனக்கு எடுத்த எலும்பு அடர்த்திச் சோதனை அதன் தொடக்க நிலையைக் காட்டியது. தோலில் அரிப்புக் கொப்புளங்கள், கல்லீரல் நொதிகளின் ஏற்றம், கருத்தரிப்பில் தடை, நடையில் தள்ளாட்டம் என்று இந்நோய் வேறு வேடங்களிலும் வரும். டவுன், டர்னர் என்னும் குரோமோசோம் நோய்க்குறிகள் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மெலிந்து வயிறு உப்பிய குழந்தை என்ற பழைய பாடப்புத்தகப் படத்தை மனத்தில் வைத்துத் தேடும் மருத்துவருக்கு, என்னைப் போல எடை கூடிய நடுவயதுப் பெண்மேல் ஐயம் எழாததைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது செய்திதான் எனக்கு மிகப்பெரும் சேதத்தை உண்டாக்கியது. கோதுமையை நிறுத்திய ஏழாம் வாரத்தில் உப்புசம் சற்றுக் குறைந்திருந்தது. அசதி அப்படியே இருந்தது. (பார்லிக் கரைசலை நான் விடவில்லை என்பதை நினைவூட்டுகிறேன், கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.) அரசு மருத்துவமனை ஒன்றின் குடலியல் பிரிவுக்கு 38 பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல் ஒரே கேள்வி கேட்டார்: “இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா, அம்மா?” இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சீலியாக்கைக் கண்டறியும் இரத்தச் சோதனையும் திசுச் சோதனையும் குளூட்டன் உண்ணும் காலத்தில்தான் நோயைக் காட்டும். நிறுத்தினால் எதிர்ப்பொருள் இறங்கத் தொடங்கும்; குடல் ஆறத் தொடங்கும்; நோய் இருந்தும் அறிக்கை ‘இல்லை’ என்று வரலாம். ஆகவே மீண்டும் கோதுமை உண்ண வேண்டும் என்றார். நாளொன்றுக்கு இரண்டு ஃபுல்கா வீதம் எட்டு வாரம். உணவை மருந்தாக உண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் நோயைக் காட்டிக்கொடுப்பதற்காக உண்டேன். முதல் வாரத்திலேயே உப்புசமும் வயிற்றுப்போக்கும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பின. மூன்று நாள் அலுவலகத்திற்கு விடுப்பு எடுத்தேன். எட்டாம் வார முடிவில் டிடிஜி ஐஜிஏ 148. அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 20. எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் பல இடங்களிலிருந்து எடுத்த திசுக்கள் மார்ஷ் அளவுகோலில் 3பி நிலையைக் காட்டின. அதாவது குடலுறிஞ்சிகளில் பெரும்பகுதி தேய்ந்திருந்தது. நேராக முதல் நாளிலேயே அங்கே போயிருந்தால் இரண்டு வாரத்தில் தெரிந்திருக்க வேண்டியதை அறிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

எண்டோஸ்கோப்பி தேவையில்லை என்று ஆலோசகர் சொன்னதற்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு டிடிஜி ஐஜிஏ மேல்வரம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாவது முறை எடுத்த இரத்தத்தில் எண்டோமைசியல் என்னும் மற்றொரு சீலியாக் எதிர்ப்பொருளும் உறுதியானால் திசு எடுக்காமலே முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைக் குடலியல் கழகம் வழிகாட்டியிருக்கிறது. அதற்கும் டிடிஜி சோதனை வேண்டும். ஐஜிஜி நிறக்கட்டங்களை வைத்துச் சொல்லும் முடிவு அன்று அது.

இதெல்லாம் ஏன் முக்கியம், எப்படியானாலும் மருந்து கோதுமையை விடுவதுதானே என்று கேட்கலாம். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையும் என் புகாருக்கு இதையே பதிலாக அனுப்பியது. ‘மூன்று மாதம் கோதுமையைக் குறைத்துப் பாருங்கள்’ என்பதும், வாழ்நாள் முழுவதும் சமையலறையில் ஒரு சிட்டிகை மாவுகூடப் படாமல் காப்பதும் ஒன்றல்ல. குளூட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பே, எவ்வளவு சிறிய அளவும் கணக்கில் வரும் என்பதைச் சொல்லும். கோதுமை அரைத்த மில்லில் அரைத்த கேழ்வரகு மாவு எனக்கு ஆகாது. பெருங்காயத்தைக் கட்டியாக, கலப்பு என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். சேமியா, ரவை, மால்ட் பானங்கள் எல்லாம் விலக்கு. உறுதியான நோயறிதல் கையில் இல்லாதவர் இத்தனை கட்டுப்பாட்டை ஆறு மாதத்திற்கு மேல் காப்பாற்ற மாட்டார். நானும் காப்பாற்றியிருக்க மாட்டேன். நோய் உறுதியானால்தான் எலும்பு அடர்த்தியைப் பார்ப்பார்கள், ஆண்டுதோறும் எதிர்ப்பொருளை அளப்பார்கள், தைராய்டின் அளவைத் திருத்துவார்கள். குடல் ஆறாமலே போகும் சிலருக்கு வரக்கூடிய, மிக அரிதான, நிணநீர்ப் புற்றுநோயையும் நினைவில் வைத்திருப்பார்கள். இரத்த உறவினரைச் சோதிக்கச் சொல்வதும் அதன்பின்தான். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு வரை இந்நோய் இருக்கக்கூடும்.

இந்தக் கடைசி விஷயம் எங்கள் வீட்டில் உடனே வேலைக்கு வந்தது. என் அண்ணன் மகனுக்குப் பதினொரு வயதில் முதல் வகை நீரிழிவு. அண்ணியும் இதே தொகுப்பை அவனுக்கு வாங்கும் எண்ணத்தில் இருந்தார். நீரிழிவு கண்டறிந்த போதும், இரண்டு ஆண்டுக்குள்ளும், ஐந்தாம் ஆண்டிலும், அறிகுறி இல்லாவிட்டாலும் சீலியாக் சோதனை செய்ய வேண்டும் என்பது குழந்தை நீரிழிவுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல். அறிகுறிக்குக் காத்திருக்க முடியாது. உணவு சரியாக உறிஞ்சப்படாத பிள்ளைக்கு வழக்கமான இன்சுலினைப் போட்டபின் காரணமின்றிச் சர்க்கரை தாழ்வதும், வளர்ச்சி குன்றுவதும் மட்டுமே சில வேளை தெரியும். அவனுக்கு முதற்சோதனையில் நோய் இல்லை. அடுத்ததற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவனிடம் ஐஜிஜி பட்டியலைக் கொடுத்துக் கோதுமையையும் பாலையும் நிறுத்தியிருந்தால், அடுத்த சோதனையே பொய்யாகியிருக்கும். போதாக்குறைக்கு, கோதுமைக்கு மாற்றாகக் கடையில் விற்கும் ரொட்டிகளும் பிஸ்கட்டுகளும் பெரும்பாலும் அரிசி மாவும் சோள, உருளைக்கிழங்கு மாவுப்பொருளுமாக இருப்பதால், அவனுடைய சர்க்கரையை விரைந்து ஏற்றியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘பரிசோதனை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டதால் இயலாது’ என்று எழுதினார்கள். அதற்குப் பதிலாக மறுமுறைக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி தந்தார்கள். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்றும் காலை ஆறரைக்கு வந்து ஒரே குத்தில் இரத்தம் எடுத்த இளைஞருக்கு.

கோதுமையை விட்டு ஒன்றேகால் ஆண்டு ஆகிறது. ஹீமோகுளோபின் 12.1. டிடிஜி 148இலிருந்து 31க்கு இறங்கியிருக்கிறது; பெரியவர்களின் குடல் முழுமையாக ஆற இரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதால் மருத்துவர் அவசரப்படவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் என் தங்கைக்கும் தைராய்டு உண்டு. அவளை இருநூறு உணவுகளுக்குப் பதில், டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ என்று இரண்டே வரி எழுதிய சீட்டோடு பக்கத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். போகும்வரை சப்பாத்தியை நிறுத்தாதே என்றும் சொல்லியிருந்தேன். எதிர்ப்பொருள் இல்லை, ஐஜிஏ இயல்பு. இரவில் அவள் வழக்கமாகக் கிண்டும் கோதுமை ரவை உப்புமா தொடர்கிறது. நான் ஊருக்குப் போகும் நாள்களில் மட்டும் அம்மா பரணிலிருந்து எனக்கென்று தனி வாணலியை இறக்கி வைக்கிறார்.